எருமைக்கு மட்டும் எங்க ஊர்ப் பேச்சு

அந்தப் படத்தை உங்களில் நிறைய பேர் பார்த்திருப்பீங்க. குளம் வற்றிப்போனதால் ஒரு வாத்துக் குடும்பம் ஏரி தேடிக் கிளம்புமே, அந்தக் கார்ட்டூன் படம். பார்க்காத பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா வாத்து, அம்மா வாத்து, நாலு குஞ்சு. நடந்து நடந்து குஞ்சுகளுக்குக் கால் ஓய்ந்துபோன நேரத்தில் ஒரு எருமை வந்து சேரும். அது குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, சேறு, காடு எல்லாம் தாண்டி ஏரி வரைக்கும் கொண்டுவந்து விடும். அவ்வளவுதான் கதை.

நான் விழுப்புரத்தில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். வேனில் பதினாறு பிள்ளைகள். அதில் ரெண்டு என் பிள்ளைகள். மகள் ஆறாவது படிக்கிறாள், மகன் ரெண்டாவது. எங்களுக்குச் சொந்த ஊர் திண்டிவனத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமம். நான் அங்கேயே பத்தாவது வரைக்கும் படித்தேன். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வயசு வந்ததும் விழுப்புரத்தில் வாடகைக்கு வீடு பார்த்து வந்துவிட்டோம்.

அந்தப் படம் வந்த புதிதில் வேனில் வேறு பேச்சே கிடையாது. பையில் வாத்து, தண்ணி பாட்டிலில் வாத்து, பென்சில் டப்பாவில் வாத்து. பாதிப் பிள்ளைகள் தியேட்டருக்கே போய் இங்கிலீஷில் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். என் பிள்ளைகள் பார்க்கவில்லை. அவர்கள் பேசும்போது என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். மகனுக்கு அந்த விவரம் போதாது, தானும் பார்த்த மாதிரியே பேசுவான். ஒருநாள் ஒரு பெண்பிள்ளை, கடைசிக் குஞ்சு போட்டிருக்கிற தொப்பி என்ன கலர் சொல்லு என்று கேட்டது. இவன் சிவப்பு என்றான். அந்தக் குஞ்சு தொப்பியே போடாதாம். ரயில்வே கேட் வருகிற வரைக்கும் அத்தனை பேரும் சிரித்தார்கள். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அழுகிறவன் மாதிரி இருந்தது அது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு டிவியில் அந்தப் படம் தமிழில் போடுகிறார்கள் என்று விளம்பரம் வந்ததும் நான் முடிவு பண்ணிவிட்டேன். அன்றைக்கு இரும்பை கோயிலுக்கு ஒரு குடும்பம் வேனைக் கேட்டது. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் மனைவி சீக்கிரமே எழுந்து கறிக்குழம்பு வைத்து முடித்தாள். பிள்ளைகள் கட்டில் மேலே, நான் கீழே பாய் போட்டு. மனைவி வெங்காயத் தட்டோடு சமையலறைக்கும் இங்கேயும் போய்வந்துகொண்டிருந்தாள். கரெண்ட் மட்டும் போயிடக்கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். வேறு எதையும் வேண்டத் தோன்றவில்லை.

வாத்துகள் எல்லாம் டிவியில் செய்தி வாசிக்கிறவங்க மாதிரி சுத்தமாகப் பேசின. குஞ்சுகள் பாதி இங்கிலீஷ் கலந்து, நம்ம வேன் பிள்ளைகள் மாதிரி. அரை மணி நேரம் கழித்து அந்த எருமை வந்தது. சேற்றில் படுத்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து, அப்பா வாத்தைப் பார்த்துக் கேட்டது:

"இன்னாபா, குடும்பத்தோட எங்க போய்க்கினு இருக்கீங்க, இந்த வேகாத வெயில்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாயிலிருந்து எழுந்தே விட்டேன். சமையலறையைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"ஏய், ஜல்தி இங்க வா. நம்ம ஊருக்காரன் ஒருத்தன் படத்துல பேசறான்."

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், பிள்ளைகளே. என் மகனும் மகளும் அதைக் கவனிக்கவே இல்லை. அவர்களுக்கு அது ஒரு எருமை, பேசுகிறது, அவ்வளவுதான். அது யார் மாதிரி பேசுகிறது என்று எடுத்துச் சொன்னவன் நான்தான். கேளுங்க, நல்லா கேளுங்க, இது அசல் திண்டிவனம் பேச்சு, நாம பேசறதை இந்த உலகமே கேட்குது பாருங்க என்று நான்தான் சொன்னேன். எனக்கு அவ்வளவு பெருமை. இத்தனை வருஷம் சினிமா பார்த்திருக்கிறேன். மதுரைப் பேச்சு கேட்டிருக்கிறேன், கோயம்புத்தூர் கேட்டிருக்கிறேன், எங்க பேச்சுக்குக் கிட்ட வருகிற மெட்ராஸ் பாஷைகூடக் கேட்டிருக்கிறேன். எங்க பக்கத்துப் பேச்சை இப்படி வாய் நிறைய யாரும் பேசி நான் கேட்டதில்லை.

மகன் டிவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஆமாம்பா. உன்ன மாதிரியே பேசுது" என்று சொல்லிக் கட்டிலில் விழுந்து சிரித்தான். மகளும் சிரித்தாள். நான் விடுவேனா? விளம்பரம் வந்தபோது எருமை சொன்னதை எல்லாம் நான் திருப்பிச் சொன்னேன். நாலு காலில் நின்றேன். மகனை முதுகில் ஏற்றிக்கொண்டு கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "அய்ய, இன்னா வெயிட்டுடா நீ, பேஜாரா போச்சே" என்றேன். அவன் மூச்சுவிட முடியாமல் சிரித்தான். அந்த அரை மணி நேரம் போல நான் என் பிள்ளைகளோடு இருந்ததே இல்லை. அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும், இல்லையென்றால் பொய்யாகிவிடும்.

என் மனைவிக்கு வளவனூர். அவளும் எங்களை மாதிரிதான் பேசுவாள், ஆனால் குறைவாகப் பேசுவாள். வெங்காயத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, அந்த அப்பா வாத்து ஏன் நம்மள மாதிரி பேசல?"

சும்மா படத்தைப் பாரு என்று எரிந்து விழுந்தேன். அவள் கேட்டதுக்குப் பிறகுதான் எனக்கும் காது திறந்தது. அந்த எருமைக்கு எண்ணத் தெரியாது. நாலு குஞ்சை ஏற்றிவிட்டு மூன்றுதான் இருக்கிறது என்று தேடும். வழி கேட்டால் தப்பாகச் சொல்லும். அம்மா வாத்து ராத்திரிக்கு எடுத்து வைத்ததை எல்லாம் தின்றுவிட்டு, நான் தின்னவே இல்லை என்று சத்தியம் பண்ணும். எங்க ஊரில்கூட யாரும் இழுக்காத அளவுக்கு ஒவ்வொரு சொல்லையும் இழுக்கும். அது வாயைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் பின்னாடி ஒரு பீப்பி சத்தம் வேறு.

ஒரு இடத்தில் கடைசிக் குஞ்சு, எருமை மாதிரியே பேசிப் பார்க்கும். அம்மா வாத்து உடனே நின்று, அதன் தலையைத் தடவி, இப்படியெல்லாம் பேசக்கூடாது கண்ணா, நாம் அப்படிப் பேசுகிறவர்கள் இல்லை என்று சொல்லும். ரொம்ப அன்பாகத்தான் சொல்லும். எருமை அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நிற்கும். அதுவும் தலையை ஆட்டும்.

என் மகன் அதற்கும் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. ஒரு நொடி என் பக்கம் பார்த்துவிட்டு, உடனே டிவிக்குத் திரும்பிக்கொண்டாள்.

கடைசியில் வாத்துகள் ஏரிக்கு வந்துவிடும். தண்ணீரில் இறங்கும், பாட்டு வரும், மற்ற வாத்துக் கூட்டம் எல்லாம் வந்து சேரும். எருமையைக் காணோம். எருமை எங்கே போச்சு என்று கேட்டேன். "அது காமெடிக்குப்பா" என்றான் மகன். சோறு போட மனைவி எழுந்தாள். நான் சாப்பிட்டேன். கறி நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. தினமும் சொல்கிற மாதிரி கடைசித் தெருவில் வேனை நிறுத்திக் குரல் கொடுத்தேன். "ஜல்தி ஏறுங்க, டைம் ஆயிக்கினே இருக்குது." முன் சீட்டில் இருந்த என் மகன் எருமைக் குரலில் அடுத்த வரியை எடுத்துவிட்டான். படத்தில் குஞ்சுகளை முதுகில் ஏற்றும்போது எருமையும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லும். வேன் முழுக்கச் சிரிப்பு. அவன் எழுந்து நின்று பின்னாடி திரும்பிச் சொன்னான்:

"அந்த எருமை எங்க அப்பாதான்."

பெருமையாகத்தான் சொன்னான். அதை நீங்கள் நம்ப வேண்டும். ஊரே பேசுகிற படத்தில் இருக்கிற ஒன்று தன் வீட்டில் இருக்கிறது என்று நினைத்தான். தொப்பி கலர் தெரியாதவன் என்று சிரித்தவர்களிடம் காட்டுவதற்கு அவனுக்கு ஒன்று கிடைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் நான் எருமை அங்கிள் ஆகிவிட்டேன். அந்த வாரம் முழுக்க நானும் சிரித்தேன். பிள்ளைகள் கேட்டால் பேசியும் காட்டினேன். வேறு என்ன செய்வது? பிள்ளைகள் மேல் கோபித்துக்கொள்ள எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

இப்போதும் உங்கள் மேல் கோபம் இல்லை. சிரிக்கச் சொல்லிக் காட்டினார்கள், நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் யாரோ ஒருத்தர் ஒரு அறையில் உட்கார்ந்து, வாத்து இப்படிப் பேசட்டும், எருமை அப்படிப் பேசட்டும் என்று முடிவு பண்ணியிருக்கிறார் இல்லையா? அவர் காலையில் டீக்கடையில் நின்றிருப்பார், ஆட்டோவில் வந்திருப்பார். அவருக்கு டீ ஆற்றிக் கொடுத்தவர் பேச்சு அவர் காதில் விழுந்திருக்கும். அந்தப் பேச்சை எடுத்து எருமை வாயில் வைத்தார். அவருக்கு ஒரு நிமிஷ வேலை. அது நேராக வந்து இறங்கினது என் வீட்டில்.

 ரெண்டு வாரம் கழித்து என் மகள், இனிமேல் சைக்கிளில் போகிறேன் என்றாள். கூடப் படிக்கிறவள் சைக்கிளில் போகிறாளாம். ரோட்டில் லாரி போகிறதே என்று நான் சொல்லியும் சைக்கிளில்தான் போனாள். மழை நாளில் வேனில் ஏறினால் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். அப்பா என்று கூப்பிட வேண்டிய இடத்தில் எல்லாம் ஒன்றும் கூப்பிடாமல் நேராக விஷயத்தைச் சொன்னாள்.

பிறகு பெற்றோர் கூட்டம் வந்தது. எப்போதும் நான்தான் போவேன். எனக்கு அது பிடிக்கும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, மகள் பெஞ்சில் அவளோடு ஒட்டி உட்கார்ந்து, மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுவேன். அந்த வாரம் அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"இந்த தடவை அம்மா வரட்டும்பா."

ஏன் என்று கேட்டேன். காலால் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்.

"நீ பேசினா சிரிப்பாங்கப்பா."

உங்க அம்மாவும் இப்படித்தானே பேசறாங்க என்றேன்.

"அம்மா மெதுவா பேசுவாங்க. யாருக்கும் கேக்காது."

அவள் அம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையை மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாள்.

இதே மகள் அஞ்சு வயசு வரைக்கும் எங்க ஊரில்தான் வளர்ந்தாள். வேர்க்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வாள். வந்துக்கினு, போய்க்கினு என்று குருவி மாதிரி பேசுவாள். விழுப்புரம் வந்து ஆறு மாசத்தில் எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டாள். அதை நான் வளர்ச்சி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

நானே வருகிறேன், நல்லவிதமாகப் பேசுகிறேன், சிரிக்கமாட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வேனில் திரும்பும்போது பழகினேன். செய்தி வாசிக்கிறவர் மாதிரி வாயைத் திறந்து, நிதானமாக. "என் மகள் வீட்டில் தினமும் இரண்டு மணி நேரம் படிக்கிறாள். கணக்கில் அவளுக்குக் கொஞ்சம் உதவி தேவைப்படுகிறது." சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கூட்டத்தில் அப்படியேதான் பேசினேன். ஒரு சொல் வழுக்கவில்லை. டீச்சர், "ரொம்ப அழகா பேசறீங்க சார், எந்த ஊர் நீங்க?" என்று கேட்டார். விழுப்புரம்தான் மேடம் என்றேன். திண்டிவனம் என்று வாய்வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டேன். வெளியே வந்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேன் நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்தாள். "தேங்க்ஸ்பா" என்றாள். எத்தனையோ மாசம் கழித்து என் கைக்கு அவள் கை கிடைத்தது. வேறு யாரோ மாதிரி நான் பேசினதுக்குக் கிடைத்த கூலி அது. தெரிந்தேதான் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டிலும் அப்படியே பேச ஆரம்பித்தேன். வேனில் "ஏறுங்கள், நேரமாகிறது" என்றேன். பிள்ளைகளுக்குச் சிரிக்க ஒன்றும் இல்லாமல் போனது. கொஞ்ச நாளில் எருமை அங்கிள் என்கிற பேரும் தேய்ந்துவிட்டது. என் மகன் மட்டும் அடிக்கடி, "அப்பா, எருமை மாதிரி பேசுப்பா" என்று கேட்டான். மறந்துபோச்சு என்று சொன்னேன்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வரவேற்புரை சொல்ல என் மகளைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழில் பேச வேண்டும். இந்தச் சேதி எப்படியோ என் அண்ணனுக்குப் போய்விட்டது. என் மனைவிதான் போனில் சொல்லியிருப்பாள். எனக்குப் பன்னிரண்டு வயசு மூத்தவர் அவர். ஊரில் கழனி வேலை பார்க்கிறார். என் மகள் பிறந்ததிலிருந்து அஞ்சு வயசு வரைக்கும் அவர் தோளிலேதான் கிடந்தாள். ஒரு சாயங்காலம் போன் பண்ணினார்.

"டேய், பாப்பா மேடையில பேசுதாமே. நான் வெள்ளிக்கிழமையே கெளம்பி வந்துடறேன்டா. கேப்பை மாவு அரைச்சு வெச்சிருக்கறேன், அதையும் எடுத்துக்கினு வர்றேன்."

அவர் குரல் எப்போதும் ஊருக்கே கேட்கும். போனைக் காதில் வைத்திருந்தாலும் அறை முழுக்கக் கேட்டது. மகள் வரவேற்புரைத் தாளை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். படிப்பதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டாள் என்று நான் சொன்னால் அது பாவம்.

அண்ணனிடம் சொன்னேன், வீட்டுக்கு ரெண்டு பேருக்கு மட்டும்தான் பாஸ் கொடுக்கிறார்கள், மூணாவது ஆளை உள்ளே விடமாட்டார்கள் என்று. அதையும் அந்த நல்ல தமிழிலேயே சொன்னேன். அண்ணன் கேட்டார்.

"யாராச்சும் பெரிய மனுஷங்க பக்கத்துல இருக்காங்களா? ஒரு மாதிரி பேசறியே."

யாரும் இல்லை என்றேன்.

"அப்ப சரி. பாப்பா பேசறத போன்ல புடிச்சு அனுப்பு, இன்னா? நான் இங்கியே பாத்துக்கறேன்."

விழா அன்று எந்த பாஸும் கிடையாது. வாசலில் யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் வரிசையில் மூன்று நாற்காலி காலியாக இருந்தது. மகள் மேடைக்கு வந்து, மைக்கைச் சரிபண்ணி, ஒரு தப்பு இல்லாமல் அவையோரை எல்லாம் வரவேற்றாள். வந்திருக்கும் பெற்றோர்களையும் உற்றார் உறவினர்களையும் வருக வருக என்று அழைத்தாள். கைதட்டல் ரொம்ப நேரம் இருந்தது. நான் நின்றுகொண்டு போனில் எடுத்தேன். 

அங்கிருந்தே அண்ணனுக்கு அனுப்பினேன். அவருக்கு எழுத வராது, பேசித்தான் அனுப்புவார். வீட்டுக்கு வந்து பிள்ளைகள் உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து பதில் வந்தது. மூன்று நிமிஷம் பேசியிருந்தார். கேட்க வேண்டும் என்று கை பறந்தது.

பட்டனை அமுக்குவதற்கு முன்னால் நான் சவுண்டைக் குறைத்தேன். முதலில் பாதியாக. போதாது என்று இன்னும் குறைத்தேன். பிறகு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கதவுக்கு வெளியே போய்க் கேட்டேன்.